எர்த் இருக்கா பாஸ்?

"ஏன் தம்பி, மீதி ரெண்டு கம்பி எங்க?"

பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் எதிர் பெர்த் பெரியவர் கேட்டுவிட்டார். உலகத்தில் உள்ள எல்லா பேஸ் கிடார் பார்ட்டிகளும் வாழ்நாளில் நூறு தடவை பதில் சொல்லும் கேள்வி இது.

"இது பேஸ் கிடார் அய்யா. இதுக்கு நாலு கம்பிதான்."

"அப்ப விலையும் கம்மியா?"

ஆறு கம்பி கிடாரை விட இது விலை அதிகம் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார். சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்து மூடினேன்.

ட்ரிபிள் ஈ மூன்றாவது வருஷம். ஸ்டடி ஹாலிடேஸ். நியாயமாகப் பார்த்தால் நான் பவர் சிஸ்டம்ஸ் புத்தகத்தோடு ஹாஸ்டலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் திருத்தங்கல் ஊர்க்கார க்ளாஸ்மேட் ஒரு குண்டைப் போட்டான். "மாப்ள, விருதுநகர் பங்குனிப் பொங்கல்ல எங்க அண்ணன் ட்ரூப் கச்சேரி. பேஸ் வாசிக்கிறவர் வரல. நீ வந்தா மேடை, சாப்பாடு, எண்ணெய் பரோட்டா எல்லாம் என் பொறுப்பு!" பரோட்டா என்ற சொல் காதில் விழுந்த பிறகு எந்த ஹாஸ்டல்வாசி யோசிப்பான்? ஒரு வாரம் முன்னாடியே ரயிலேறிவிட்டேன்.

நாலு கம்பி ரகசியம்

கிளம்புவதற்கு முன்னாடி ஒரு சின்ன க்ளாஸ். எக்ஸாம் கிடையாது, பயப்படாதீங்க!

சாதா கிடாரில் நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம் சுமார் 25 இன்ச். பேஸில் பொதுவாக 34. அதன் தடித்த ஈ கம்பி செகண்டுக்கு 41 தடவைதான் ஆடும். அவ்வளவு மெதுவாக ஆட, கம்பி நீளமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸில் சோனாமீட்டரை உருட்டி உருட்டி படித்தோமே, அதே மேட்டர்தான்.

1951 வரை இந்த வேலையைச் செய்தது ஆள் உயர டபுள் பேஸ். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், அதைத் தோளில் மாட்டுகிற சைஸுக்குக் கொண்டுவந்தார். விரல் எங்கே வைக்க வேண்டும் என்று தெரிய கழுத்தில் குறுக்கே உலோக ஃப்ரெட்டுகளைப் பதித்தார். சுருதி துல்லியமாக விழுந்ததால் அதற்குப் பேரே 'ப்ரிசிஷன் பேஸ்'. இதில் செம ஜோக் என்னவென்றால், ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

நம்ம ஊரில் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளுக்கு சசிதரனும், ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகளுக்கு கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். பாட்டு இருக்கும், தரை இருக்காது.

அம்மாவோட ஆபீஸ்

விருதுநகரில் இறங்கி பஸ் பிடித்தோம். ஆமத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடை போர்டுகள். தள்ளுபடி சதவிகிதத்தைப் பார்த்தால் கையில் காசு கொடுத்து அனுப்புவார்கள் போல. வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. சென்னை வெயிலில் வியர்வை ஊற்றும். இந்த வெயிலில் வியர்வைகூட வெளியே வரும் முன்பே காய்ந்துவிடுகிறது.

"இந்தக் காய்ச்சல்தான்டா எங்க ஊருக்குச் சோறு" என்றான் நண்பன். மழை குறைவு, விவசாயம் கஷ்டம். ஆனால் தீக்குச்சியும் பட்டாசும் காய இதை விட நல்ல காற்று கிடையாது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அச்சுத் தொழில் வந்தது. அப்புறம் பட்டாசு. சிவகாசிக்கு 'குட்டி ஜப்பான்' என்று பேர் வந்த கதை உங்களுக்கே தெரியும்.

வீட்டில் நண்பனின் அம்மா டீ கொடுத்தார். "நான் ஆபீஸுக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்துருதேன் தம்பி. சோறு அடுப்புல இருக்கு."

"அம்மா எந்த டிபார்ட்மென்ட்டுடா?" என்று கேட்டு பல்ப் வாங்கினேன். இந்தப் பக்கம் 'ஆபீஸ்' என்றால் தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். அம்மாவுக்கு வெடி ஆபீஸில் இருபது வருஷம் சர்வீஸ். விரல் ரேகையில் அலுமினியப் பொடியின் வெள்ளிச் சாம்பல் நிறம் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் திரும்பியதும் என் பேஸின் தடித்த கம்பியைத் தடவிப் பார்த்தார். "இதுக்கும் சுத்து இருக்கே! நாங்க அணுகுண்டுக்கு நூல் சுத்துற மாதிரி."

சரியாகப் பிடித்துவிட்டார். பேஸ் கம்பி ஒரே முழுக் கம்பி கிடையாது. நடுவில் மெல்லிய எஃகு, அதன் மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். ஒரே தடிக் கம்பியாகப் போட்டால் விறைப்பாகி, கணீர் என்பதற்குப் பதிலாக 'டொக்' என்று விழும். சுற்றினால் கனம் ஏறும், வளையும் தன்மையும் போகாது. அணுகுண்டில் சுற்றுவது அழுத்தத்தைப் பிடித்து வைக்க. வெறும் மருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் புஸ்ஸென்று போய்விடும். காகிதமும் நூலும் இறுக்கிப் பிடிப்பதால்தான் 'டமார்'!

சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ஒலி பளிச்சென்று இருக்கும், விரல் உரசும் சத்தமும் கேட்கும். அதுவே பட்டைக் கம்பி என்றால் வழவழப்பு, ஒலி பஞ்சு மாதிரி. அமெரிக்க மோட்டவுன் இசையின் பேஸ் மன்னர் ஜேம்ஸ் ஜேமர்சன் பட்டைக் கம்பிக்காரர். கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். (நானும் மாற்றுவதில்லை. காரணம் வேறு. ஒரு செட் விலையில் பத்து நாள் மெஸ் சாப்பாடு!)

விசிட்டிங் கார்டு வைத்தியம்

நாலாவது நாள் வந்தது ஆப்பு. முதல் மூன்று ஃப்ரெட்டிலும் எதை வாசித்தாலும் 'ஙிர்ர்ர்'. கம்பி போய் ஃப்ரெட்டில் இடிக்கிறது. சென்னையில் நன்றாக இருந்த கிடார்!

வில்லன் அதே காய்ந்த காற்று. கடற்கரை ஊரில் ஈரம் குடித்து ஊறிய மரம் இங்கே வந்து ஈரத்தை விடுகிறது. மரம் அப்படிக் காயும்போது கழுத்து பின்பக்கமாக வளையலாம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி காலி. மழைக்காலச் சென்னையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கழுத்து முன்னால் வளைந்து, கம்பி உயர்ந்து, அழுத்தி அழுத்தி விரல் வீங்கும். வாசிக்க ஈஸியா கஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது பிராண்டை விட இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்கும் சண்டைதான்.

நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஒரு பெரிய ஆள் தொங்குகிற அளவு இருக்கும். அதைச் சமாளிக்க கழுத்துக்குள் ஒளிந்திருப்பது ட்ரஸ் ராடு என்ற எஃகுக் கம்பி. ஆலன் கீ போட்டு அதைத் தளர்த்தினால் கழுத்து முன்னால் வரும், முறுக்கினால் பின்னால் போகும். எவ்வளவு இடைவெளி வேண்டும்? சுமார் 0.3 மில்லிமீட்டர். அதை அளக்க ஃபீலர் கேஜுக்கு எங்கே போவது?

"சித்தப்பா பிரஸ்ஸுக்கு வா!" என்றான் நண்பன்.

சிவகாசியில் சித்தப்பா வேலை பார்க்கும் ஆஃப்செட் அச்சகம். காலண்டர் தாள்கள் மலை மாதிரி அடுக்கியிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ பதற்றம்? மெஷின்ல பிளாங்கெட்டுக்கு அடியில பேக்கிங் தாள் வைப்போம். ஒரு தாள் கூடினாலும் குறைஞ்சாலும் படம் கெட்டுரும். எங்க பொழப்பே இந்த அளவுலதான் ஓடுது." மைக்ரோமீட்டரை எடுத்து நாலைந்து விசிட்டிங் கார்டுகளை அளந்தார். ஒன்று சரியாகச் சிக்கியது.

செய்முறை சிம்பிள். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், கழுத்து உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஒரு விரல். இப்போது நடுவே ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் கார்டு லேசாக உரசிப் போக வேண்டும். எனக்கு நுழையவே இல்லை. ஆலன் கீயைக் கால் சுற்று தளர்த்தி, ட்யூன் செய்து, ராத்திரி முழுக்க விட்டேன். ஒரேயடியாகத் திருகினால் ராடு உடைந்துவிடும், ஜாக்கிரதை! காலையில் கார்டு நுழைந்தது. 'ஙிர்ர்' காலி. யாரோ ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியின் விசிட்டிங் கார்டு இன்னமும் என் கிடார் பையில் இருக்கிறது.

தெருவே வெளியே வந்தது

அன்று சாயங்காலம் உற்சாகத்தில் ஆம்ப்ளிஃபையரை அறை மூலையில் தரையில் வைத்து, வால்யூமைத் திருகி, ஈ கம்பியைக் கட்டை விரலால் ஓங்கி அடித்தேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நண்பன் கேரேஜ் பேண்ட் ஹீரோ மாதிரி தலையை ஆட்டினான்.

கதவைத் திறந்தால் தெருவே வெளியே நின்றது. திட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஸாரி சொல்ல வாயெடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் புகை வருகிறது என்று.

ஒரு அக்கா போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் எடுத்ததும், "ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணுனேன்" என்று வைத்துவிட்டார்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளம். நமக்கு அது அன்றைய நாளின் பிரேக்கிங் நியூஸ். இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பேர் தெரியும். நான் செய்த வேலைக்கு யாராவது திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபையரைத் தரையில் இருந்து தூக்கி, மூலையை விட்டு நகர்த்தி, நாற்காலி மேல் வைத்தேன். சுவரும் தரையும் சேரும் மூலை, தாழ்ந்த ஒலியை ஊதிப் பெருக்கிவிடும் என்பது தெரிந்தும் வைத்த முட்டாள் நான். பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் துண்டு போட்டுச் செருகினேன். ஐடியா என்னுடையது இல்லை. பழைய ஃபெண்டர் பேஸ்களிலேயே பிரிட்ஜ் மூடிக்கு அடியில் இப்படி ஃபோம் வைத்திருந்தார்கள். நோட் நீளாமல் சட்டென்று அடங்கும்.

தொட்டா நிக்குது!

ராத்திரி அமைதியாக ப்ராக்டீஸ். கம்பியில் இருந்து கையை எடுத்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்'. கையை வைத்தால் அடங்கும். அம்மா மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே கவனித்தார்.

"ஏம்ப்பா, விட்டா சத்தம் வருது, தொட்டா நிக்குதே?"

ட்ரிபிள் ஈ மூளை விழித்துக்கொண்டது. பேஸில் கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்-அப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும்தான். எஃகுக் கம்பி ஆடினால் காந்தப் புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். கழுத்துப் பக்கம் இருக்கும் பிக்-அப் கொழுகொழு ஒலி தரும், ஏனென்றால் அங்கே கம்பி அகலமாக ஆடுகிறது. பிரிட்ஜ் பக்கம் கம்பி அதிகம் ஆடாது, அதனால் மேல் ஸ்வரங்கள் தூக்கலாகி ஒலி கூர்மையாகும். டோன் திருகு ஒரு கெபாசிட்டர் வழியாக அந்தக் கூர்மையை எர்த்துக்குத் தள்ளிவிடும்.

ஆனால் இந்தச் சுற்று கம்பியை மட்டுமா கேட்கிறது? சுவர் வயரிங், ட்யூப் லைட், ஃபேன் என எல்லாவற்றையும் கேட்கிறது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். என் ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள 'ஜி' 49 ஹெர்ட்ஸ். ஆக, மின்வாரியம் கூடவே இலவசமாக ஒரு 'ஜி' வாசிக்கிறது! 1957-ல் ப்ரிசிஷன் பேஸின் பிக்-அப்பை இரண்டாகப் பிளந்து, ஒன்றில் வரும் இரைச்சலை இன்னொன்று அடிக்கிற மாதிரி மாற்றினார்கள். என்னுடையது அந்த மாடல் இல்லை.

அதற்கு மேல், என் உடம்பே ஒரு ஆண்டெனா. வீட்டு வயரிங்கின் இரைச்சலை வாங்கி கிடாருக்குள் அனுப்புகிறது. அதனால்தான் பிரிட்ஜுக்கு அடியில் யாரும் பார்க்காத ஒரு சின்ன வயர் இருக்கும். அது கம்பிகளை எர்த்தோடு இணைக்கிறது. நான் கம்பியைத் தொட்டால் என் உடம்பும் எர்த் ஆகிறது. இரைச்சலில் பெரும்பகுதி அடங்குகிறது.

இதை எல்லாம் கஷ்டப்பட்டு எளிமையாக்கிச் சொன்னேன். அம்மா பூவில் இருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நாங்களும் தொட்டுட்டுத்தான் உள்ள போவோம்."

"எதம்மா?"

"ரூம் வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருக்கும். அதுல கைய வச்சிட்டுத்தான் மருந்து பக்கம் போகணும். மேலுல இருக்குற கரண்ட் இறங்கிரும்ல. நூல் சேலைதான் கட்டணும், சிலுக்கு, நைலக்ஸ் ஆகாது. செருப்பு வெளிய. ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது. இரும்புச் சாமானே ஆகாது."

நான் ரெண்டு செமஸ்டரில் படித்த ஸ்டாட்டிக் சார்ஜை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார். காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் சார்ஜ் தானாகக் கசிந்துவிடும். இங்கே காற்று காய்ந்தது. பட்டாசைக் காய வைக்கிற அதே காற்று, என் கிடார் கழுத்தை வளைத்த அதே காற்று, சேலை உரசலில் பிறக்கும் சார்ஜையும் உடம்பிலேயே பிடித்து வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும்.

அதே எர்த் வயர்தான். எனக்கு அறுந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். அவருக்கு?

"தெனமும் தொடுவீங்களாம்மா?"

"அவசரத்துல மறந்துட்டு உள்ள போனவங்க உண்டு. நான் மறக்க மாட்டேன்ப்பா. தொட்டுட்டு, அப்படியே மாரியாத்தாவ நெனச்சுக்குவேன். ரெண்டு எர்த்து."

மேடை

விருதுநகர். பங்குனிப் பொங்கல் கூட்டம். அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள் ஒரு பக்கம், ராட்டினம் ஒரு பக்கம், மிளகாய் வத்தல் வாசம் இன்னும் போகாத கடைவீதி ஒரு பக்கம். தெருமுனையில் எங்கள் மேடை. சீரியல் செட் கலர் கலராகக் கண்ணடிக்க, பின்னால் ஜெனரேட்டர் தடதடத்தது.

பேஸை மாட்டிக்கொண்டு கோரஸ் மைக்கில் "ஹலோ..." என்று வாயை வைத்தேன். உதட்டில் சுள்! தேள் கொட்டியது மாதிரி. ஒரு கை கம்பியில், உதடு மைக்கில். இரண்டுக்கும் நடுவே நான் வயராக இருந்திருக்கிறேன்.

ஹாஸ்டலில் த்ரீ பின் ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்து டூ பின்னில் சொருகிய பாவங்கள் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. 1972-ல் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்தில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனதை எங்கோ படித்திருந்தேன். சும்மா படித்தது. உதட்டில் சுள்ளென்றபோதுதான் புரிந்தது.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, எர்த் இருக்கா?"

"ராடு அடிச்சிருக்கே தம்பி."

டார்ச் அடித்துப் பார்த்தோம். ராடு அடித்துத்தான் இருந்தது, பாளம் பாளமாக வெடித்த காய்ந்த மண்ணில். மறுபடியும் அதே காய்ச்சல்! மண் காய்ந்தால் மின்தடை ஏறும், கரண்ட் இறங்காது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்குத்தான். ரெண்டு மார்க் கேள்வி, தப்பாக எழுதியிருக்கிறேன். அண்ணன் ராடை இன்னும் ஆழமாக இறக்கினார். தளர்ந்திருந்த வயரை இறுக்கினார். பக்கத்து டீக்கடையில் இருந்து ஒரு குடம் தண்ணீரும் ஒரு பாக்கெட் கல் உப்பும் வந்தன. டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது மைக்கில் விளக்கு எரியவில்லை.

"கச்சேரி எப்பப்பா?" என்று முன்வரிசையில் சவுண்டு கிளம்பியது. இருபது நிமிஷம் லேட். பரவாயில்லை.

ராஜா பாட்டில் ஆரம்பித்து ரஹ்மானில் முடித்தோம். இரண்டாவது பாட்டில் ஒரு இடம் சொதப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. பேஸ் வாசிப்பதில் உள்ள ஒரே வசதி அதுதான்! கூட்டத்தில் அம்மா நின்றிருந்தார். பாட்டு நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் என் கை கம்பியைத் தொட்டுக்கொண்டே இருந்ததை அவர் மட்டும் பார்த்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் எண்ணெய் பரோட்டா. மொறுமொறுப்பாக, நாலு. நண்பன் வாக்கு தவறவில்லை.

மறுநாள் விடிகாலை. ஊர் திரும்ப நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் ஹாரன். அம்மா நூல் சேலையில், தூக்குவாளியோடு, செல்போனை அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"அம்மா, தொட்டுட்டு உள்ள போங்க."

வேன் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நீயும் தொட்டுட்டு வாசி, என்ன?"

வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேற்கே போனது. மதியம் ரயில் ஏறும் வரை, எந்தச் சத்தம் கேட்டாலும் நான் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.